பழைய ஜி.சி. மெஷின் வாங்கும் முன்னால்

(தைலம் காய்ச்சும் குழுக்களுக்காக நமது கூட்டமைப்பு நடத்திய ஒருநாள் பயிற்சியில், எண்ணெய்ப் பரிசோதனைக் கூடத்தில் பணிபுரியும் சகோதரி ஒருவர் ஆற்றிய உரை. பெரும்பாலும் பேசியபடியே தந்திருக்கிறோம்.)



பனியில் காலையிலேயே கிளம்பி, இரண்டு பஸ் மாறி வந்தவர்கள் நிறையப் பேர் இங்கே இருக்கீங்க. அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் தைலத்தை நீங்களே பரிசோதனை செய்துகொள்ள ஒரு பழைய ஜி.சி. மெஷின் வாங்கலாம் என்று கூட்டமைப்பில் பேச்சு நடக்கிறது. விலை 4 லட்சம் ரூபாய். அடுத்த மாதம் தீர்மானம் போடப் போவதாகத் தலைவி அக்கா சொன்னார். அந்த 4 லட்சம் என்பது வாரம் வாரம் நீங்கள் சேர்த்த சேமிப்பிலிருந்தும், வட்டியிலிருந்தும், சந்தாவிலிருந்தும் திரண்ட பணம். அதனால் கையெழுத்துப் போடும் முன்னால் இந்த மெஷின் என்ன செய்யும், பழசாக வாங்கினால் எதை எதைப் பார்க்கணும் என்று உங்கள் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்கணும். படித்த பிள்ளைகள் பார்த்துக்குவாங்க என்று விட்டுவிடக் கூடாது.

முதலில் இந்த எண்ணம் ஏன் வந்தது? உங்களுக்கே தெரியும். தைல மரத்து இலையைச் சுமந்து வந்து, விறகு போட்டு, ராத்திரி முழுக்கக் கண்விழித்துக் காய்ச்சுகிறீர்கள். வியாபாரி வந்து மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "சினியோல் கம்மிம்மா" என்று சொல்லி விலையை இறக்குகிறார். கம்மியா, சரியா என்று காட்ட உங்கள் கையில் ஒரு காகிதம் இல்லை. அவர் சொன்னதுதான் கணக்கு. இந்த இடத்தில்தான் ஜி.சி. தேவைப்படுகிறது.

ஜி.சி. என்றால் கேஸ் குரோமட்டோகிராஃப். பேரைக் கேட்டு மிரள வேண்டாம். தேர்த் திருவிழா நாளில் ஒரு குறுகலான சந்து, இரண்டு பக்கமும் வளையல் கடை என்று நினைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் ஒரே நேரத்தில் சந்துக்குள் நுழைகிறது. வளையலில் ஆசை இல்லாதவர்கள் விறுவிறுவென்று நடந்து முதலில் வெளியே வந்துவிடுவார்கள். கொஞ்சம் ஆசை உள்ளவர்கள் நின்று நின்று வருவார்கள். ரொம்ப ஆசை உள்ளவர்கள் கடைசியில் வருவார்கள். சந்து முடியும் இடத்தில் ஒருவர் உட்கார்ந்து, எந்த நேரத்தில் எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணிக்கொண்டே இருக்கிறார். இவ்வளவுதான் ஜி.சி. சந்து என்பது மிகச் சிறிய உள்துளை உள்ள, 30 மீட்டரோ 60 மீட்டரோ நீளமான கண்ணாடி இழைக் குழாய். அதைக் காலம் என்பார்கள். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போவது காஸ். சந்து முழுவதும் ஓர் அடுப்புக்குள் இருக்கிறது. கடைசியில் உட்கார்ந்து எண்ணுகிறவர் பெயர் டிடெக்டர். நாம் உள்ளே செலுத்தும் தைலம் ஒரு சொட்டில் சுமார் ஐம்பதில் ஒரு பங்குதான்.

தைலத்தில் உள்ள ஒவ்வொரு பொருளும் காகிதத்தில் ஒரு மேடாக விழும். எந்த மேடு சினியோல், அது மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்று கணக்கு வரும். மருந்துக்குப் போகிற யூகலிப்டஸ் தைலத்தில் சினியோல் குறைந்தது 70 சதவீதம் இருக்கணும் என்று ஐரோப்பிய மருந்து நூல் சொல்கிறது. 69-க்கும் 71-க்கும் உள்ள வித்தியாசத்தை எந்த மூக்காலும் கண்டுபிடிக்க முடியாது. வியாபாரி மூக்காலும் முடியாதுங்க.

இனி, பழைய மெஷின் வாங்கலாமா என்ற கேள்வி. பழசு என்பதற்காகவே அது தாழ்வு என்று நான் சொல்ல மாட்டேன். இந்த முறையை 1952-ல் இங்கிலாந்தில் ஜேம்ஸ், மார்ட்டின் என்ற இருவர் செய்து காட்டினார்கள். நமக்கு வேண்டிய எஃப்.ஐ.டி. என்ற சுடர் டிடெக்டர் 1950-களின் கடைசியிலேயே வந்துவிட்டது. இன்று நாம் போடும் மெல்லிய கண்ணாடி இழைக் காலம் 1979-ல் வந்தது. ஆக, 25 வருடத்துக்கு முன் செய்த மெஷினிலும், போன வருடம் செய்த மெஷினிலும் உள்ளே நடக்கும் வேலை ஒன்றுதான். நன்றாக வைத்திருந்த பழைய மெஷின் இன்றும் சரியான விடை தரும். வைத்திருந்தவர் எப்படி வைத்திருந்தார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

விற்க வந்தவர் கொடுத்த விலைப்புள்ளியைத் தலைவி என்னிடம் காட்டினார். ஒரே ஒரு பக்கம். மெஷின் பெயர், விலை, "வேலை செய்யும் நிலையில் உள்ளது" என்று ஒரு வரி. அவ்வளவுதான். எந்த மாடல், என்ன சீரியல் நம்பர், எந்த வருடம், எத்தனை வோல்ட், என்ன டிடெக்டர், காலம் உண்டா, கம்ப்யூட்டர் உண்டா, சாஃப்ட்வேருக்கு லைசென்ஸ் உண்டா, யார் வந்து பொருத்திக் கொடுப்பார்கள், எத்தனை மாதம் கேரண்டி? ஒன்றும் இல்லை. இந்தக் காகிதத்தை வைத்து ஒரு ஆட்டுக்குட்டிகூட வாங்கக் கூடாது.

மாடு வாங்குவது போலத்தான்

நம் குழுக்களில் கறவை மாட்டுக் கடன் எடுக்காத குழு எது? சந்தைக்கு மாடு வாங்கப் போனால் என்ன செய்வோம்? கொள்முதல் கமிட்டி என்று மூன்று பேர் போவோம். பல்லைப் பார்ப்போம். எத்தனையாவது ஈத்து என்று கேட்போம். நடக்க விட்டுப் பார்ப்போம். நம் கண் முன்னால் கறக்கச் சொல்வோம். அதுவும் ஒரு வேளை போதாது. இரண்டு வேளை கறக்காமல் விட்டு, மடியைப் பெருக்கிக் காட்டும் தந்திரம் நமக்குத் தெரியும். அதனால் மறு வேளையும் இருந்து கறந்து பார்ப்போம். மெஷினுக்கும் இதேதான். ஓடுகிற மெஷினைப் பார்க்கணும், நம் எண்ணெயைப் போட்டுப் பார்க்கணும், ஒரு தடவை சரியாக வந்தால் போதாது.

எந்த வீட்டு மாடு என்று கேட்பது போல, எந்த ஆய்வகத்தில் இருந்தது என்று முதலில் கேளுங்கள். மருந்துக் கம்பெனிகளில் கம்ப்யூட்டர் பதிவு விதிகள் கடுமையாகிக்கொண்டே வந்ததால், நன்றாக ஓடுகிற மெஷினைக்கூடக் கழித்துவிட்டுப் புதுசு வாங்குகிறார்கள். அங்கே சர்வீஸ் புத்தகமும் ஒழுங்காக இருக்கும். அப்படி வந்த மெஷின் நல்லது. ஒரு மூலையில் பல வருடம் துணி மூடிக் கிடந்து ஏலத்தில் போனது வேறு. பழைய சாமான் கடைக்காரர் மொத்த லாட்டில் எடுத்தது இன்னும் வேறு. சர்வீஸ் புத்தகத்தைக் கேளுங்கள். "தொலைந்துபோச்சுங்க" என்றால் விலையில் கணிசமாகக் குறையணும்.

மாடலையும் வருடத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். சந்தையில் அதிகம் கிடைக்கும் ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன். ஹெச்.பி. 5890 என்பது 1984-ல் வந்தது. 6890 என்பது 1995-ல். 1999-ல் அந்தப் பிரிவு அஜிலன்ட் என்று தனிக் கம்பெனி ஆனது. அதன் 7890 மாடல் 2007-ல் வந்தது. 5890-ஐ இப்போது தயாரித்த கம்பெனி வந்து பழுது பார்க்காது. ஆனால் உதிரி பாகம் வெளியில் கிடைக்கும், கைப்பிடி திருகி காஸ் அளவு வைக்கும் வகை என்பதால் ரிப்பேரும் சுலபம். அதற்குப் பின் வந்தவற்றில் காஸ் அழுத்தத்தை எலெக்ட்ரானிக்காக வைப்பார்கள். வேலைக்கு ரொம்ப வசதி. ஆனால் அந்தப் பகுதி கெட்டுப்போனால் பெரிய செலவு. ஷிமாட்சு, பெர்க்கின் எல்மர் போன்ற வேறு கம்பெனி மெஷின்களும் நல்லவைதான். நம் பக்கத்தில், கோவையிலோ சென்னையிலோ, அந்த மாடலைக் கழற்றி மாட்டத் தெரிந்த மெக்கானிக் யார் இருக்கிறார் என்று விசாரித்துவிட்டுத்தான் மாடலை முடிவு செய்யணும். மெக்கானிக் இல்லாத மெஷின் சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

மெஷினின் பின்பக்கம் ஒரு சின்னத் தகடு இருக்கும். அதில் எத்தனை வோல்ட் என்று பாருங்கள். அமெரிக்காவிலிருந்து வந்த பழைய மெஷின்களில் 120 வோல்ட் என்று போட்டிருக்கலாம். நம் வீட்டு கரண்ட் 230. தெரியாமல் சொருகினால் அன்றைக்கே கதை முடிந்தது.

நேரில் பார்க்கும் நாள்

கமிட்டியில் மூன்று பேரும், வேதியியல் படித்த ஒருவரும் போங்கள். போகும் முன் போன் செய்து, "மெஷினை நாங்கள் வந்த பிறகுதான் போடணும்" என்று சொல்லிவிடுங்கள். ஆறிக் கிடக்கிற மெஷின் எப்படிக் கிளம்புகிறது என்று பார்ப்பது முக்கியம். முதலில் அடுப்பை 60 டிகிரியில் நிற்க வைக்கச் சொல்லுங்கள். எண் அங்கேயே அசையாமல் நிற்கணும், ஊஞ்சல் மாதிரி ஆடக் கூடாது. பிறகு சூட்டை ஏற்றி 220 வரை கொண்டுபோய்ப் பத்து நிமிடம் வைக்கச் சொல்லுங்கள். பிறகு ஆறவிடுங்கள். ஆறும்போது பின்பக்கக் கதவு தானாகத் திறந்து சூடான காற்று வெளியே வரணும்.

அடுத்தது சுடர். எஃப்.ஐ.டி. டிடெக்டருக்குள் ஹைட்ரஜன் எரியும். அந்தச் சுடர் கண்ணுக்குத் தெரியாது. "எரியுதுங்க" என்று அவர் சொன்னால் நம்பிவிட வேண்டாம். பளபளப்பான எவர்சில்வர் கரண்டியின் முதுகை டிடெக்டர் புகைவாய்க்கு மேலே காட்டுங்கள். நம் சாதக் குண்டான் மூடியில் வேர்ப்பது போல அதில் ஆவி படியும். ஹைட்ரஜன் எரிந்தால் தண்ணீர் ஆவி உண்டாகும், அதுதான் காரணம். ஆவி படிந்தால் சுடர் இருக்கிறது. கையைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள்.

பிறகு எதையும் செலுத்தாமல் வெறுமனே ஒரு ஓட்டம் ஓட்டச் சொல்லுங்கள். காகிதத்தில் கோடு அமைதியாகப் போகணும். சூடு ஏறும்போது கடைசியில் கொஞ்சம் உயர்வது இயல்பு. ஒன்றுமே போடாதபோது அங்கங்கே மேடு மேடாக வந்தால் உள்ளே பழைய அழுக்கு இருக்கிறது, அல்லது காலம் கெட்டிருக்கிறது என்று அர்த்தம்.

இப்போதுதான் நம் தைலம். மூன்று சின்னப் பாட்டில் எடுத்துப் போங்கள். ஒன்று, நீங்கள் காய்ச்சிய தைலம். இரண்டு, ஏற்கெனவே அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கொடுத்து ரிப்போர்ட் வாங்கிய தைலத்தின் மிச்சம். மூன்று, சுத்த சினியோலும் லிமோனீனும் கலந்த கலவை. மூன்றாவது எதற்கு என்று கேட்பீர்கள். தைலத்தில் சினியோலும் லிமோனீனும் ஒட்டிப் பிறந்த பிள்ளைகள் மாதிரி அடுத்தடுத்து வரும். எல்லா ஆய்வகத்திலும் பொதுவாகக் கிடக்கிற ஒரு வகைக் காலத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்து, ஒரே மேடாகத் தெரியும். லிமோனீனையும் சேர்த்துச் சினியோல் என்று எண்ணிவிடுவோம். சதவீதம் அழகாகக் கூடித் தெரியும், ஆனால் பொய்க் கணக்கு. வாங்குகிறவர் தன் ஆய்வகத்தில் சரியாகப் பார்த்தால் நம் பேர் கெட்டுப் போகும். வேக்ஸ் வகைக் காலம் போட்டால் இரண்டும் தனித்தனியாகப் பிரியும். மருந்து நூலும் அந்த இரண்டு மேடும் நன்றாகப் பிரிந்திருக்கணும் என்றுதான் கேட்கிறது. அதனால் விற்பவரிடம் "வேக்ஸ் காலம் மாட்டிக் காட்டுங்க" என்று கேளுங்கள். இந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னாலே, வந்திருப்பது விவரம் தெரிந்தவர்கள் என்று அவருக்குப் புரிந்துவிடும்.

உங்கள் தைலத்தை ஒரே பாட்டிலிலிருந்து ஆறு தடவை போடச் சொல்லுங்கள். ஒரு ஓட்டத்துக்கு முக்கால் மணி, ஒரு மணி நேரம்கூட ஆகும். ஆகட்டும், கட்டுச்சோறு எடுத்துப் போங்கள். ஆறு தடவையும் சினியோல் மேடு அதே நேரத்தில் விழணும், சில விநாடிக்கு மேல் தள்ளக் கூடாது. சதவீதமும் ஆறு தடவையும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கணும். முதல் தடவை 71, அடுத்தது 66, அடுத்தது 74 என்று வந்தால் அது தராசு இல்லை. ரிப்போர்ட் உள்ள பாட்டிலைப் போட்டால் ரிப்போர்ட்டில் உள்ளதை ஒட்டி வரணும். ஆறு காகிதத்தையும் தேதி போட்டு, அவர் கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள். மெஷின் நம் ஊருக்கு வந்து பொருத்திய பிறகு அதே பாட்டிலை மறுபடி போட்டு, இந்தக் காகிதத்தோடு ஒப்பிடுவதற்கு அது வேண்டும்.

கம்ப்யூட்டரில் கவனமாக இருங்கள். பழைய மெஷினோடு வரும் கம்ப்யூட்டரில் பெரும்பாலும் விண்டோஸ் எக்ஸ்.பி. அல்லது விண்டோஸ் 7 இருக்கும். எக்ஸ்.பி.க்கு 2014-லும், விண்டோஸ் 7-க்கு 2020-லும் கம்பெனி ஆதரவு நின்றுவிட்டது. இன்டர்நெட்டில் இணைக்காமல் மெஷினுக்கு மட்டும் வைத்துக்கொண்டால் ஓட்டலாம். ஆனால் சாஃப்ட்வேரின் அசல் தட்டு, லைசென்ஸ் எண், பாஸ்வேர்டு, மெஷினையும் கம்ப்யூட்டரையும் இணைக்கும் கார்டு எல்லாம் கைக்கு வரணும். எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரியில் மெஷின் வாங்கி வைத்து, பாஸ்வேர்டு இல்லாமல் எட்டு மாதம் பூஜை அறை மாதிரி பூட்டியே வைத்திருந்தார்கள். ஹார்ட் டிஸ்க்கை அன்றைக்கே நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம், இதை மட்டும் எல்லோரும் கேட்டுக்கொள்ளுங்கள். பூச்சிமருந்து மிச்சம் பார்க்கும் ஆய்வகங்களிலிருந்து வரும் சில ஜி.சி.களில் ஈ.சி.டி. என்ற டிடெக்டர் இருக்கும். அதற்குள் நிக்கல்-63 என்ற கதிரியக்கப் பொருள் தகடாக இருக்கும். நம் வேலைக்கு அது தேவையே இல்லை. "இலவசமா சேர்த்துத் தர்றேன்" என்று சொன்னாலும் வாங்கக் கூடாது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி இல்லாமல் அப்படிப்பட்ட பொருள் கைமாறக் கூடாது. மஞ்சள் நிறத்தில் மூன்று இதழ் விசிறி மாதிரி அடையாளம் ஒட்டியிருந்தால் விலகி நில்லுங்கள், கழற்றிப் பார்க்க வேண்டாம். 2010-ல் டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையிலிருந்து ஏலத்தில் போன ஒரு பழைய கதிர்வீச்சுக் கருவியை மாயாபுரி என்ற இடத்தில் பழைய இரும்புக் கடையில் உடைத்தார்கள். உள்ளே கோபால்ட்-60 இருந்தது. பலர் பாதிக்கப்பட்டார்கள், ஒருவர் இறந்தே போனார். அந்தக் கோபால்ட்டோடு ஒப்பிட்டால் ஈ.சி.டி.யில் இருப்பது மிகவும் சிறியது, ரெண்டும் ஒன்று என்று சொல்லிப் பயமுறுத்த நான் வரவில்லை. ஆனால் படித்தவர்கள் இருக்கிற இடத்திலிருந்தே உள்ளே என்ன இருக்கு என்று பார்க்காமல் சாமான் வெளியே போகும் என்பதற்கு அது சாட்சி. விலைப்புள்ளியில் "எஃப்.ஐ.டி. மட்டும், கதிரியக்கப் பொருள் எதுவும் இல்லை" என்று எழுதி வாங்குங்கள்.

காஸ், கரண்ட், ஆள்

மெஷின் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். மருமகள் வந்த பிறகுதானே வீட்டுச் செலவு தெரியும். காஸ் மூன்று வேண்டும். கூட்டத்தைத் தள்ள ஒன்று, சுடருக்கு ஹைட்ரஜன், சுத்தமான காற்று. தள்ளும் காஸாக ஹீலியம் போடுவார்கள். அது வெளிநாட்டிலிருந்து வருவது, விலை ஏறிக்கொண்டே போகிறது. நம் தைலத்துக்கு நைட்ரஜன் போதும், கொஞ்சம் மெதுவாக ஓடும், அவ்வளவுதான். எந்த காஸ் ஆனாலும் ஆய்வகத் தரத்தில் சுத்தமாக இருக்கணும். பஞ்சர் கடைக் காற்று, வெல்டிங் கடை காஸ் எதுவும் உதவாது. காற்றிலுள்ள ஆக்ஸிஜன் சூட்டில் காலத்துக்குள் போனால் காலம் பாழ்.

சமையல் காஸ் சிலிண்டரைச் சோப்புத் தண்ணீர் போட்டுக் கசிவு பார்க்க உங்களுக்குத் தெரியும். இதற்கும் அதேதான், ஒவ்வொரு முறை சிலிண்டர் மாற்றும்போதும் பார்க்கணும். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கு. சமையல் காஸ் கனமானது, கசிந்தால் தரையில் தங்கும். ஹைட்ரஜன் லேசானது, மேலே ஏறிக் கூரையில் தங்கும். அதனால் ஹைட்ரஜன் சிலிண்டரை அறைக்கு வெளியே, கம்பிக் கூண்டில், சங்கிலி போட்டு நிறுத்தணும். அறையில் மேலே காற்றுப்போக்கி வேண்டும். ஹைட்ரஜன் சிலிண்டர் சிவப்பு நிறம். அதன் திருகு சாதாரணத் திருகுக்கு எதிர்ப்பக்கமாக, இடது பக்கம் சுற்றினால்தான் இறுகும். வேறு ரெகுலேட்டரைத் தவறிப் போய் மாட்டிவிடக் கூடாது என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். இறுகவில்லையே என்று டேப் சுற்றி மாட்டும் ஆளை உள்ளே விடாதீர்கள்.

கரண்ட் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மழைக்காலத்தில் எத்தனை தடவை போகிறது என்று எண்ணிப் பாருங்கள். அடுப்பு சூடேறும்போது 2 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கும், அதாவது நாலு மிக்ஸி ஒன்றாக ஓடுகிற மாதிரி. அதைத் தாங்கும் யு.பி.எஸ். வேண்டும், தனி எர்த் வேண்டும். பாதி ஓட்டத்தில் கரண்ட் போனால் அந்தச் சாம்பிளும் போச்சு, நேரமும் போச்சு.

அப்புறம் ஆள். நம் குழுப் பிள்ளைகளில் பி.எஸ்.சி. வேதியியல் படித்த பெண்கள் மூன்று பேர் இருப்பதாகச் சொன்னார்கள். சந்தோஷம். ஒருத்தியை மட்டும் பழக்காதீர்கள். நாளைக்குக் கல்யாணம் ஆகி வேறு ஊர் போனால் மெஷின் ஊமையாகிவிடும். இரண்டு பேரைப் பழக்குங்கள், இருவருக்கும் ஒழுங்கான சம்பளம் கொடுங்கள். "நம்ம பொண்ணுதானே, சேவையா செய்யட்டும்" என்ற பேச்சு எனக்குப் பிடிக்காது. நாம் கூலிக்காகப் போராடுகிறவர்கள், நம் பிள்ளைக்கு நாமே கூலி கொடுக்காமல் இருந்தால் எப்படி?

இப்போது கணக்குப் போடலாம். பேச்சுக்கு வைத்துக்கொள்வோம், உங்கள் விலைகளைப் பிறகு நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். மெஷின் 4 லட்சம், 8 வருடம் உழைக்கும் என்றால் வருடத்துக்கு 50,000. காஸ், காலம், ஊசி, ரப்பர் மூடி, கரண்ட், மெக்கானிக் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 1,50,000. சம்பளம் 1,80,000. ஆக மொத்தம் வருடத்துக்கு 3,80,000. வட்டி தனி. மாதம் 20 சாம்பிள், வருடத்துக்கு 240 பார்த்தால் ஒரு சாம்பிளுக்கு அடக்கம் சுமார் 1,583 ரூபாய். வருடத்துக்கு 100 சாம்பிள்தான் வருகிறது என்றால் 3,800 ரூபாய். 500 வந்தால் 760 ரூபாய். பாருங்க, மெஷின் விலை இந்தக் கணக்கில் சின்னப் பங்குதான். விற்பவரிடம் பேரம் பேசி 50,000 குறைத்தால் சாம்பிளுக்கு மிச்சம் 26 ரூபாய். சாம்பிள் எத்தனை வரும் என்பதுதான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. வெளி ஆய்வகத்தில் ஒரு சாம்பிளுக்கு என்ன கேட்கிறார்கள் என்று மூன்று இடத்தில் விலைப்புள்ளி வாங்கி, இதன் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். நம் மெஷின் தரும் காகிதத்தைப் பெரிய கம்பெனிகள் சான்றிதழாக ஏற்காது. அதற்கு என்.ஏ.பி.எல். அங்கீகாரம் வேண்டும், அது பெரிய வேலை. அப்போ எதுக்கு என்று கேட்டால், நம் சரக்கு 68-ஆ 74-ஆ என்று நமக்குத் தெரிந்த பிறகு நாம் பேசுகிற பேச்சே வேறு. எந்தக் காட்டு இலை, எந்த மாதம், எத்தனை மணி நேரம் காய்ச்சினால் சதவீதம் கூடுகிறது என்றும் பிடிபடும். 70-க்கு மேல் உள்ளதையும் கீழே உள்ளதையும் ஒரே டிரம்மில் கொட்டாமல் பிரித்து விற்கலாம்.

என்னைக் கேட்டால், அடுத்த மாதமே தீர்மானம் போட வேண்டாம் என்பேன். இந்தப் பருவம் முழுவதும், ஆறு மாதம், சாம்பிளை வெளியில் கொடுத்துப் பாருங்கள். மாதத்துக்கு உண்மையில் எத்தனை வருகிறது என்று நோட்டில் எழுதுங்கள். 20-க்கு மேல் நிலையாக வந்தால் மெஷின் வாங்குங்கள், நானே கமிட்டியோடு வருகிறேன். பக்கத்து வட்டாரக் கூட்டமைப்புகளிலும் தைலம், எலுமிச்சைப்புல் எண்ணெய் காய்ச்சும் குழுக்கள் இருந்தால் அவர்களையும் சேர்த்துக்கொண்டால் எண்ணிக்கை ஏறும்.

அதுவரைக்கும் சும்மா இருக்க வேண்டியதில்லை. மூன்று சின்னச் சோதனைகளை இப்போதே தொடங்கலாம். அடர்த்திப் பாட்டிலும் நல்ல தராசும் வைத்து அடர்த்தி பார்ப்பது, ரிஃப்ராக்டோமீட்டர் என்ற கையடக்கக் கருவியில் ஒளிவிலகல் பார்ப்பது, 70 சதவீத ஆல்கஹாலில் கரைத்துப் பார்ப்பது. நல்ல யூகலிப்டஸ் தைலத்தின் அடர்த்தி எண் 0.906-க்கும் 0.927-க்கும் நடுவில் இருக்கணும். ஒளிவிலகல் எண் 1.458-க்கும் 1.470-க்கும் நடுவில். ஒரு பங்கு தைலம் ஐந்து பங்கு ஆல்கஹாலில் தெளிவாகக் கரையணும். மண்ணெண்ணெயோ டர்பன்டைனோ கலந்திருந்தால் கலங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். சினியோல் சதவீதத்தை இவை சொல்லாது. ஆனால் டிரம் மாறிப்போச்சா, யாராவது கலந்தார்களா என்பதைச் சொல்லும். ஜி.சி.க்கு எதை அனுப்பணும் என்று பொறுக்கி எடுக்கவும் உதவும்.

சரக்கு ஏற்றும் நாளில் ஒவ்வொரு டிரம்மிலிருந்தும் மூன்று பழுப்புக் கண்ணாடிப் பாட்டில் நிரப்புங்கள். அரக்கு வைத்து, தேதி, டிரம் நம்பர், குழுவின் பெயர் எழுதி, வியாபாரியிடமும் கையெழுத்து வாங்குங்கள். ஒன்று அவருக்கு, ஒன்று ஆய்வகத்துக்கு, ஒன்று நம் பீரோவில். அவர் "கம்மி" என்று சொன்னால் பீரோவில் உள்ள பாட்டில் மூன்றாவது ஆய்வகத்துக்குப் போகும், செலவு தோற்றவருடையது என்று பில்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போட மறுக்கிற வியாபாரி எதற்காக மறுக்கிறார் என்று உங்களுக்கே தெரியும்.

பீரோ சாவி யாரிடம் இருக்கணும் என்று பின்னால் உட்கார்ந்திருக்கிற அக்கா கேட்கிறார். நல்ல கேள்வி. பணப்பெட்டிக்கு எப்படி வைத்திருக்கிறீர்களோ அப்படியே, இரண்டு சாவி, இரண்டு பேரிடம். பாட்டில் சூடும் வெளிச்சமும் படாத இடத்தில் இருக்கணும், கொதிகலன் கொட்டகையில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.